எம்-சாண்ட் என்று வருவதெல்லாம் எம்-சாண்ட் இல்லை

வீடு கட்டுகிறவர்கள் சிமென்ட் பிராண்டுக்கும் கம்பியின் தரத்துக்கும் பத்துப் பேரிடம் விசாரிக்கிறார்கள். கல்லை நொறுக்கிச் செய்த மணல், அதாவது எம்-சாண்ட் என்று லாரியில் வந்து இறங்கும் சாம்பல் நிறக் குவியலைப் பற்றிக் கேட்பவர் குறைவு. ஆனால் தூணிலும் தளத்திலும் சிமென்டைவிட அதிகமாக இருப்பது ஜல்லியும் அந்தக் குவியலும்தான்.

நம் பாறையில் குறை இல்லை. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல்லைப் புவியியலாளர்கள் சார்னோக்கைட் என்பார்கள். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பதும் அந்த வகைக் கல்தான், பெயரும் அவரால் வந்ததே. அவ்வளவு உறுதியான கல்லை எப்படி நொறுக்குகிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

ஜா கிரஷரில் உடைத்துச் சலித்தால் ஒன்றரை, முக்கால், அரை இன்ச் ஜல்லிகள் பிரியும். கடைசியில் மிஞ்சுவது குவாரி டஸ்ட். எம்-சாண்ட் அப்படி மிஞ்சுகிற பொருளல்ல, அதற்கென்றே தயாரிப்பது. வி.எஸ்.ஐ. எந்திரத்தில் கல்லோடு கல் மோதி முனை மழுங்க வேண்டும். 4.75 மி.மீ. சல்லடையில் சலித்து, அதிகப்படித் தூளைக் கழுவி நீக்க வேண்டும். 75 மைக்ரானைவிட நுண்ணிய தூள் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது 2016-ல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 383 தரநிலை.

பல இடங்களில் டஸ்டையே எம்-சாண்ட் என்று பில் போட்டு இறக்கிவிடுகிறார்கள். கழுவத் தண்ணீரும் மின்சாரமும் செலவாகிறது, மக்களோ விலை குறைந்ததைத்தான் கேட்கிறார்கள் என்பது கிரஷர் தரப்பின் பதில்.

தூள் கூடினால் கலவை தண்ணீரை இழுக்கும். கரணைக்கு வசப்படாமல் இறுகுகிறது என்று இன்னொரு வாளி ஊற்றுவார்கள். அந்த ஒரு வாளியில் கான்கிரீட்டின் வலு இறங்கிவிடுகிறது. தட்டையும் ஊசியுமான துண்டுகள் கலந்திருந்தால் தண்ணீர் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். பூச்சில் என்றால் ஈரம் காயக் காய மயிரிழை போல வெடிப்பு ஓடும். பழி கொத்தனார் தலையில் விழும்.

பூச்சு வெடித்தால் கண்ணுக்குத் தெரியும், கொத்திவிட்டுத் திரும்பப் பூசலாம். தூணுக்குள்ளும் பீமுக்குள்ளும் போன டஸ்ட் யார் கண்ணுக்கும் தெரியாது. இருபது வருடக் கடன் தவணையில் எழும்பும் வீடுகள் எத்தனை இப்படி நிற்கின்றனவோ என்பதுதான் என் பெரிய கவலை.

லோடு சொல்வதற்கு முன்பே கிரஷரில் ஒரு பை சாம்பிள் வாங்குங்கள். பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் சல்லடைச் சோதனை செய்து தருகிறார்களா என்று கேளுங்கள். பூச்சு வேலைக்குப் பி-சாண்ட் தனி, இரண்டையும் ஒரே குவியலில் முடிக்கச் சம்மதிக்காதீர்கள். வந்த லோடு சாம்பிள் போல இல்லையென்றால் இறக்க விடாதீர்கள், லாரியோடு திருப்பி அனுப்புங்கள்.