முப்பது நாளில் பறிபோகக்கூடிய காடு

2020 பிப்ரவரித் தொடக்கத்தில் சிலாங்கூர் வனத்துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கோல லங்காட் வடக்கு வனக் காப்பகத்தில் சுமார் 931 ஹெக்டேரைக் காப்பகப் பட்டியலிலிருந்து நீக்கும் யோசனை இருக்கிறது, ஆட்சேபம் உள்ளவர்கள் 30 நாள்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்றது அது. அந்தக் காப்பகத்தின் மொத்தப் பரப்பே 957 ஹெக்டேர்தான். நூற்றுக்கு 97 பங்கு காடு மேம்பாட்டுத் திட்டம் ஒன்றுக்காகப் போகவிருந்தது.

1927இல் காப்பகமாக அறிவிக்கப்பட்டபோது இந்தக் காடு 7,200 ஹெக்டேருக்கு மேல் இருந்தது. துண்டு துண்டாகக் கழிந்து, ஒரு நூற்றாண்டுக்குள் ஏழில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. எஞ்சிய துண்டில் தப்பிரும் சூரியக் கரடியும் வாழ்கின்றன. சிலாங்கூரின் சதுப்பு நீரைத் தவிர வேறெங்கும் காணப்படாத ஒரு செந்நிறச் சண்டை மீனும் அங்கே இருக்கிறது. காட்டை ஒட்டி வாழும் தெமுவான் பூர்வகுடி மக்களுக்கு அதுவே மருந்தும் பிரம்பும் தருகிற இடம். அவர்களில் பூசுட் பாரு கிராமத்தினர், விமான நிலையம் கட்டுவதற்காக 1990களில் ஏற்கெனவே ஒருமுறை இடம் பெயர்க்கப்பட்டவர்கள்.

கிள்ளானில் இருப்பவருக்கும் பிரிக்பீல்ட்ஸில் இருப்பவருக்கும் இதில் என்ன? விடை அந்த மண்ணில் இருக்கிறது. பந்திங், தெலுக் பங்லீமா காராங் பக்கம் உள்ளவர்களுக்கு 'தானா கம்புட்' என்றால் புரியும். நீரில் ஊறிக் கிடப்பதால் மக்காமல் போன இலையும் கிளையும் வேரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உருவான மண் அது. ஈரமாக இருக்கும்போது அதன் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். மழைநீரை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல வெளியே விடும்.

கால்வாய் வெட்டி அந்த நீரை வடித்தால் இரண்டு விளைவுகள் நிச்சயம். முதலாவது, காற்றுப்பட்ட மண் மக்கித் தாழும். முதல் ஐந்தாண்டுகளில் ஒரு மீட்டருக்கு மேலும், அதன் பிறகு ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவிலும் நிலம் இறங்கியதைச் சுமத்ராவில் நடந்த ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. கடலோரத் தாழ்நிலத்தில் இப்படி இறங்கும் தரை நாளடைவில் ஆற்று மட்டத்துக்கும் கடல் மட்டத்துக்கும் கீழே போய்விடும். அதற்குப் பிறகு மழைநீர் தானாக வடியாது. பம்பு வைத்து இறைக்க வேண்டும், கரை கட்டிக் காக்க வேண்டும், அதுவும் காலமெல்லாம்.

இரண்டாவது, காய்ந்த மண் எரியும். தீ தரைக்கு அடியில் ஊர்ந்து போவதால் மேலே ஊற்றும் தண்ணீர் போதாது. கிள்ளானுக்குத் தெற்கே ஜோஹான் செத்தியாவில் வெயில் காலங்களில் எழும் புகை இதனால்தான். 2005 ஆகஸ்டு 11 அன்று கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி, அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அன்று நாம் சுவாசித்த புகையில் பெரும்பகுதி சுமத்ராவில் எரிந்த இதே வகை நிலத்திலிருந்து வந்தது. அப்படி எரியக்கூடிய நிலத்தை நம் வாசலிலேயே காயவைக்கும் திட்டத்தைத்தான் அந்த அறிவிப்பு முன்வைத்தது.

பிறகு நடந்ததை வரிசையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எச்சரிக்கை அந்த வரிசையில்தான் இருக்கிறது. தெமுவான் மக்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் வட்டாரக் குடியிருப்பாளர்களும் எதிர்த்தார்கள். பல்லாயிரம் ஆட்சேபக் கடிதங்கள் குவிந்தன. 2020 நவம்பரில், வனக் காப்பகங்களைக் காக்க வேண்டும் என்ற தீர்மானத்தைச் சிலாங்கூர் சட்டமன்றம் ஏற்றுக்கொண்டது. காடு தப்பியது என்று பலரும் நம்பினார்கள். ஆனால் 2021 ஆகஸ்டு 30 அன்று சட்டமன்றத்தில் ஒரு செய்தி வெளிவந்தது: காப்பகத்தில் 536.7 ஹெக்டேர் அந்த ஆண்டு மே மாதமே பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. கொந்தளிப்பு எழுந்தது. ஒன்பது நாள் கழித்து, செப்டம்பர் 8 அன்று, மந்திரி புசார் அமிருடின் ஷாரி அந்த முடிவை ரத்து செய்வதாகவும், நிலத்தை மீண்டும் வனக் காப்பகமாக அறிவிப்பதாகவும் சொன்னார்.

இது மக்களின் வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் கடிதங்களும் தீர்மானமும் வந்த பிறகும் காடு தாளில் போனது. மக்கள் அதை அறிய மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. ஒருமுறை எதிர்ப்புத் தெரிவித்துவிட்டு வீட்டுக்குப் போனால் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

ஷா ஆலாம் பகுதியின் புக்கிட் செராக்கா காப்பகக் கதையும் இதையே சொல்கிறது. அங்கே 406 ஹெக்டேர் நீக்கப்பட்டதாக 2022 மே மாதம் அரசிதழ் அறிவித்தது, அதுவும் 2000ஆம் ஆண்டிலிருந்தே செல்லுபடியாகும் வகையில். நாள்தோறும் அந்தக் காட்டில் நடந்த குடியிருப்பாளர்கள், தங்களிடம் கருத்துக் கேட்கப்படவில்லை என்று நீதிமன்றம் போனார்கள். காப்பகத்தை நீக்கும் முன் பொது விசாரணை நடத்த வேண்டும் என்ற விதி சிலாங்கூரில் உண்டு. அந்த விதி தானாகவே நம்மைக் காக்கும் என்று இருந்துவிட முடியாது.

அடுத்த அறிவிப்பு எந்த இடத்துக்கும் வரலாம். நிலமும் காடும் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளவை. கேரித் தீவில் மூன்றாவது துறைமுகம் கட்டும் திட்டம் 2017 முதல் பேச்சில் இருக்கிறது. மாமெரி பூர்வகுடியினர் வாழும் அந்தத் தீவின் செம்பனைத் தோட்டங்கள் கரை கட்டித்தான் கடலிலிருந்து காக்கப்படுகின்றன. கரைக்கு வெளியே அலையைத் தாங்கி நிற்பவை பாக்காவ் எனப்படும் அலையாத்தி மரங்கள். அலையாத்திக் காடு என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது: 2004 ஆழிப்பேரலையின்போது கடலூர் மாவட்டக் கரையில் மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்கள், திறந்த கரையில் இருந்தவற்றைவிடக் குறைந்த சேதத்தோடு தப்பின. பெரும் ஓதம் வரும்போதெல்லாம் கம்போங் டெலெக்கில் தண்ணீர் ஏறுமோ என்று கவலைப்படுகிற கிள்ளானுக்கு இந்தப் பாடம் தூரத்துச் செய்தியாக இருக்க முடியாது.

ஆகவே ஆட்சேபக் கடிதத்தில் என்ன எழுதுகிறோம் என்பது முக்கியம். 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி, காப்பக நிலம் 'கூடுதல் பொருளாதாரப் பயனுக்கு' வேண்டும் என்று கருதினால் மாநிலம் அதை நீக்கலாம். அந்தக் கணக்கில் நம் செலவையும் சேர்க்கச் சொல்லும் உரிமை நமக்கு இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் வெள்ளச் சேதம் நாட்டுக்கு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது. அதில் பாதிக்கு மேல், 310 கோடி, சிலாங்கூருடையது. தாமான் ஸ்ரீ மூடாவின் கூரைகள்மேல் மக்கள் படகுக்குக் காத்திருந்த வெள்ளத்துக்கு அடைமழையே முதற்காரணம், எந்த ஒரு காட்டின் அழிவும் அதை விளக்கிவிடாது. ஆனாலும் இந்தத் தாழ்நிலத்துக்கு நீரைத் தாங்கும் இடம் எவ்வளவு குறைவு என்பதை அது காட்டிவிட்டது.

அறிவிப்புகள் மலாயில் வரும், சிறு எழுத்தில் வரும். பெற்றோருக்குப் படித்துச் சொல்ல வேண்டியது இளையவர்கள் பொறுப்பு. கோயில் நிர்வாகங்களும் குடியிருப்போர் சங்கங்களும் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் தங்கள் வட்டாரக் காப்பகத்தின் பெயரையும் பரப்பையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அறிவிப்பு வந்தால் தேதியும் கையொப்பமும் இட்ட கடிதத்தை 30 நாளுக்குள் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். பிறகு அந்தக் காட்டின் நிலை என்ன என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் ஒவ்வொரு கூட்டத்தொடரின்போதும் கேளுங்கள். கோல லங்காட்டில் காடு நீங்கியது கேள்வி ஓய்ந்திருந்த மாதங்களில்தான்.