சொத்தை சின்னதாக இருக்கும்போதே

ராஜபாளையம் பக்கத்துச் செட்டியார்பட்டியில் தறி ஓட்டுபவருக்குப் பல்வலி வந்தால் முதலில் ஏறுவது மெடிக்கல் படிதான். நாலு வலி மாத்திரை, நாலு ஆன்டிபயாட்டிக், கடைவாயில் ஒரு கிராம்பு. வலி அடங்கிவிடும். ஆனால் எந்த மாத்திரையும் சொத்தையை அடைக்காது. அது நரம்பை நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும்.

எந்த அட்டை உதவும்?

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கும் சிகிச்சைகளுக்கானது. தனியார் பாலிசிகளும் விபத்தில் அடிபட்டாலொழிய பல் செலவை அநேகமாகத் தருவதில்லை. மில்லில் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி, ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு அதிலேயே பல் வைத்தியமும் உண்டு. அவசியம் கேட்டு வாங்குங்கள்.

அரைநாள் கூலிக் கணக்கு

பீஸ் கணக்கில் தறி ஓட்டுபவர்களுக்கும் நைட்டி தைக்கும் பெண்களுக்கும் இருப்பது அரசு மருத்துவமனை. ராஜபாளையமோ ஸ்ரீவில்லிபுத்தூரோ, பல் டாக்டர் இருக்கும் நாளை விசாரித்துக்கொண்டு காலையிலேயே போய்விட வேண்டும். அங்கே காசு கேட்கமாட்டார்கள். அரைநாள் கூலி போகுமே என்றுதான் தயங்குகிறார்கள், நியாயமான தயக்கம். ஆனால் சின்னச் சொத்தையை ஒரே தடவையில் அடைத்துவிடலாம். நரம்பைத் தொட்டுவிட்டால் ரூட் கேனலுக்குப் பல தடவை நடக்க வேண்டும், பிறகு கேப். வெளியில் செய்தால் ஆயிரக்கணக்கில் ஆகும். பல்லைப் பிடுங்கினாலோ பல் செட்டுக்குச் செலவு. தள்ளிப்போட்டால் கூலியும் கூடுதலாகத்தான் போகிறது.

பெரிய சிகிச்சைக்குச் செங்கோட்டை ரயிலில் மதுரை போகலாம். அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளில் பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் பார்ப்பதால் கட்டணம் பொதுவாகக் குறைவு.

நைட் ஷிப்ட் டீ

சர்க்கரை டீ குடித்தபின் வாயிலுள்ள கிருமிகள் அரை மணி நேரம்வரை அமிலம் சுரந்து பல்லை அரிக்கும். தறிச்சத்தத்தில் தூக்கம் விரட்ட டீ மேல் டீ குடித்தால் பல்லுக்கு ஓய்வே இல்லை. குடித்ததும் தண்ணீரால் வாய் கொப்பளியுங்கள். படுக்கும்முன் ஃப்ளோரைடு பேஸ்ட்டால் பல் துலக்குங்கள். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் அந்தப் பேஸ்ட்டை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சேர்த்தது.

இதற்குக் காத்திருக்கக் கூடாது

பல்வலியோடு தாடைக்கடியில் வீக்கம், காய்ச்சல், வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமை, மூச்சுத்திணறல் எது வந்தாலும் இரவென்று பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். புகையிலை போடுகிறவர்கள் வாய்ப்புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.