தலைப்பு வந்தது, கேள்வி எங்கே?

ஸ்டேக் ஓவர்ஃப்ளோ தளத்தில் நிரலர்கள் கேட்கும் கேள்விகளை எடுத்துத் தன் செயலியில் காட்ட நினைக்கும் ஒருவர் முதல் நாளே ஓர் இடத்தில் தடுமாறுவார். கேள்விகளைத் தரும் முகவரிக்கு ஒரு வேண்டுகோள் அனுப்புகிறார். பதிலும் நொடியில் வந்துவிடுகிறது. கேள்வியின் தலைப்பு இருக்கிறது. கேட்டவரின் பெயர், படம், அவர் சேர்த்த புள்ளிகள் இருக்கின்றன. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பதில்கள் விழுந்தன, கடைசியாக எப்போது கை பட்டது என்பதெல்லாம் இருக்கிறது. கேள்விதான் இல்லை. கேட்டவர் மூன்று பத்தி எழுதி, திரையில் வந்த பிழைச் செய்தியையும் ஒட்டி, 'எங்கே தவறினேன்?' என்று முடித்திருந்தாரே, அந்த வாசகத்தைக் காணோம்.

இது பழுது இல்லை. வேண்டும் என்று சொன்னால்தான் அந்த வாசகம் வரும். அதைச் சொல்வதற்கு, ஸ்டேக் ஓவர்ஃப்ளோவும் அடங்கிய ஸ்டேக் எக்ஸ்சேஞ்ச் தளங்களின் ஏபிஐயில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் ஃபில்டர்.

முதலில் ஏபிஐ. ஓர் இணையதளத்துக்கு இரண்டு வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நமக்கு: வண்ணம், படம், பொத்தான் எல்லாம் போட்டு அலங்கரித்த பக்கம். இன்னொன்று நிரல்களுக்கு: அலங்காரம் எதுவும் இல்லாமல் தகவலை மட்டும் மூட்டையாகக் கட்டிக் கொடுக்கும் இடம். அந்த இரண்டாவது வாசல்தான் ஏபிஐ. மூட்டை பெரும்பாலும் ஜேசன் என்ற வடிவில் இருக்கும். அதில் ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு பெயர், அதன் எதிரே ஒரு மதிப்பு. விண்ணப்பப் படிவத்தில் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி என்று கட்டம் கட்டமாக வருமே, அப்படி ஒரு கட்டத்தைத்தான் நிரலர்கள் ஃபீல்டு என்கிறார்கள்.

ஃபில்டர் என்றதும் நம் வீடுகளில் காபி நினைவுக்கு வரும். நிரலர்களுக்கு வேறொரு குழப்பம் வரும். பல இடங்களில் ஃபில்டர் என்றால் 'இந்த வாரம் வந்த கேள்விகள் மட்டும்', 'பைத்தான் பற்றியவை மட்டும்' என்று எந்தக் கேள்விகள் வேண்டும் எனத் தேர்ந்தெடுப்பது. ஸ்டேக் எக்ஸ்சேஞ்ச் அந்தச் சொல்லை வேறு வேலைக்கு வைத்துக்கொண்டது. எந்தக் கேள்விகள் என்பதை, வேண்டுகோளோடு சேர்த்து அனுப்பும் வேறு அளவுருக்கள் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு கேள்வியிலும் எந்தக் கட்டங்கள் நிரம்பி வர வேண்டும் என்பதை ஃபில்டர் சொல்லும். கணக்குப் பேரேட்டில் வரிகளைத் தேர்வது ஒன்று, பத்திகளைத் தேர்வது இன்னொன்று. இது இரண்டாவது. பெயரைக் கொஞ்சம் யோசித்து வைத்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றும்.

இந்த ஏபிஐயின் முதல் தலைமுறையில் ஃபில்டர் கிடையாது. வாசகம் வேண்டுமா, பதில்கள் வேண்டுமா, கருத்துகள் வேண்டுமா என்று மூன்றுக்கு மட்டும் ஆம், இல்லை என்று தனித்தனியாகச் சொல்லலாம். மற்றவை ஏபிஐ தந்தபடி. இரண்டாம் தலைமுறையில் அந்த மூன்று சுவிட்சுகளையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் தனியே சேர்க்கவும் நீக்கவும் வழி செய்தார்கள். அதற்கு அவர்களுடைய ஆவணமே காரணங்கள் சொல்கிறது. வேண்டாததை அனுப்பாவிட்டால் இணைய டேட்டா மிச்சம். எந்தக் கட்டங்கள் வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால், வேண்டாதவற்றுக்காகத் தரவுத்தளத்தைத் தொட வேண்டாம். கேட்காதவருக்குக் குறைவாகத் தரலாம். அதற்காக, கூடுதலாகக் கேட்பவர் பத்து முறை வந்து போக வேண்டியும் இருக்காது.

இவற்றில் இரண்டாவதுதான் என் பார்வையில் முக்கியமானது. அதிகம் பேசப்படாததும் அதுதான். ஃபீல்டைக் குறைப்பது என்றாலே டேட்டா மிச்சம் என்று பேசுவார்கள். ஆனால் ஒரு கேள்விப் பக்கத்தின் தகவல் எல்லாம் ஒரே இடத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதில்லை. கேட்டவரின் விவரம் ஓர் அட்டவணையில், பதில்கள் வேறொன்றில், கருத்துகள் இன்னொன்றில் என்று இருக்கும். எல்லாவற்றையும் தேடி எடுத்து, கோத்து, கடைசியில் அனுப்பும்போது மட்டும் பாதியை வெட்டி எறிந்தால் வேலை குறையவில்லை. பொட்டலம் மட்டும் சிறுத்தது. சமைக்கும் முன்னரே ஆள் கணக்குத் தெரிந்தால்தான் அடுப்புக்கு லாபம். பல நிறுவனங்களின் ஏபிஐகளில் ஃபீல்டு தேர்வு என்ற பெயரில் நடப்பது, சமைத்துக் கொட்டுவதுதான்.

ஸ்டேக் எக்ஸ்சேஞ்சில் முன்கூட்டியே செய்துவைத்த ஃபில்டர்கள் நான்கு. 'டிஃபால்ட்', ஒன்றும் சொல்லாதவருக்குக் கிடைப்பது. 'வித்பாடி', அதனோடு வாசகமும் சேர்ந்தது. மேலே தடுமாறிய நிரலருக்கு இது போதும். 'டோட்டல்', மொத்தம் எத்தனை என்ற எண் மட்டும். 'நன்', ஒன்றுமே இல்லாதது.

ஒன்றுமே இல்லாத ஃபில்டர் எதற்கு? புதிதாகக் கட்டுவதற்கு. சொந்த ஃபில்டர் செய்பவர் இருக்கும் ஒன்றை அடித்தளமாக எடுத்துக்கொண்டு, எதைச் சேர்க்க வேண்டும், எதை நீக்க வேண்டும் என்று பட்டியல் கொடுப்பார். சிக்கனக்காரர்கள் 'நன்' என்பதிலிருந்து தொடங்கி, தலைப்பு, இணைப்பு என்று தேவையானதை மட்டும் சேர்ப்பார்கள். அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. கேள்விகள் தனியாக வருவதில்லை. ஓர் உறைக்குள் வைத்து வருகின்றன. அந்த உறைக்கும் ஃபீல்டுகள் உண்டு: உள்ளே இருக்கும் பட்டியல், இன்னும் பக்கங்கள் உண்டா, இன்றைய ஒதுக்கீட்டில் மீதி எவ்வளவு, அடுத்து வரும் முன் எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்பவை. 'நன்' உறையின் கட்டங்களையும் சேர்த்தே துடைத்துவிடும். தலைப்பைச் சேர்த்துவிட்டுப் பட்டியலைச் சேர்க்க மறந்தவருக்கு இரண்டு நெளிவு அடைப்புக்குறிகள் மட்டும் வந்து சேரும், நடுவில் வெற்றிடத்தோடு. பிழை என்ற சொல்கூட அதில் இருக்காது. கேட்டபடிதானே கொடுத்திருக்கிறது!

செய்து முடித்த ஃபில்டருக்கு ஏபிஐ ஒரு பெயர் தரும். ஆச்சரியக்குறியில் தொடங்கி, எழுத்தும் எண்ணும் குறியும் கலந்த, வாயில் நுழையாத பெயர். இனி ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலை ஒப்பிக்க வேண்டாம், அந்தப் பெயரைச் சொன்னால் போதும். அந்த ஃபில்டரை யாரும் திருத்த முடியாது. அது காலாவதியும் ஆகாது. அதனால் ஒரு முறை செய்து, பெயரை நிரலிலேயே எழுதி வைத்துவிடுங்கள், ஓடும்போதெல்லாம் புதிதாகச் செய்யாதீர்கள் என்கிறது ஆவணம். மறந்துபோனால் பெயரைக் கொடுத்து, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று திரும்பக் கேட்டுக்கொள்ளலாம்.

ஃபில்டர் குறைப்பதற்கு மட்டும் என்று நினைத்தால் பாதிப் பயனை இழந்துவிடுவோம். ஒரே வேண்டுகோளில் அதிகபட்சம் 100 கேள்விகள் வாங்கலாம். ஒவ்வொரு கேள்விக்குள்ளும் அதன் பதில்கள், ஒவ்வொரு பதிலுக்குள்ளும் அதன் கருத்துகள் என்று ஃபில்டரில் சேர்த்துவிட்டால் அத்தனையும் ஒரே மூட்டையில் வரும். செயலியைப் பதிவு செய்து சாவி வாங்கியவருக்கு நாளொன்றுக்கு 10,000 வேண்டுகோள். சாவி இல்லாமல் வருபவருக்கு ஓர் ஐபி முகவரிக்கு 300. இந்த 300ஐ வைத்துக்கொண்டு சிறு ஆய்வு செய்யும் மாணவருக்கு, நல்ல ஃபில்டர் ஒன்று சாவிக்குச் சமம்.

ஃபில்டரில் இன்னொரு சிறு முடிவும் ஒளிந்திருக்கிறது: பாதுகாப்பானதா, இல்லையா. பாதுகாப்பான ஃபில்டர் என்றால், வரும் வாசகத்தை அப்படியே ஒரு வலைப்பக்கத்தில் ஒட்டினாலும் அதற்குள் யாராவது ஒளித்த நிரல் ஓடாது என்ற உத்தரவாதம். மற்றது மூல வாசகத்தை மூலமாகவே தரும். துடைத்து வைப்பது வாங்குபவர் பொறுப்பு.

இந்தச் சிந்தனை ஸ்டேக் எக்ஸ்சேஞ்சுக்கு மட்டும் சொந்தமானதில்லை. கூகுள் 2010லேயே தன் ஏபிஐகள் சிலவற்றில் வேண்டிய ஃபீல்டுகளை மட்டும் பட்டியலிட்டுக் கேட்கும் வசதியைக் கொண்டுவந்தது. ஃபேஸ்புக் 2015இல் தன் கிராஃப் ஏபிஐயின் 2.4 பதிப்பில், மொபைல் இணையத்தில் வேகம் கூட்டுவதற்காக, பெயர் சொல்லிக் கேட்காத ஃபீல்டுகளை நிறுத்தியது. அதுவரை பதிவுகளோடு தானாகவே வந்துகொண்டிருந்த விருப்பங்களும் கருத்துகளும் வராமல் போயின. ட்விட்டர் 2020இல் வெளியிட்ட இரண்டாம் பதிப்பில், ஒன்றும் கேட்காதவருக்குப் பதிவின் எண்ணும் வாசகமும்தான் வந்தன. கூகுள் மேப்ஸின் புதிய பிளேசஸ் ஏபிஐ இன்னும் ஒரு படி கடந்தது. இயல்பான பட்டியல் என்று ஒன்றே கிடையாது. என்ன வேண்டும் என்று எழுதாமல் கேட்டால் பிழைச் செய்தி வரும். எழுதிக் கேட்டால் கட்டணம் அந்தப் பட்டியலைப் பொறுத்தது. ஒரு கடையின் முகவரியைக் கேட்பதற்கு ஒரு விலை, அதற்கு வந்த விமர்சனங்களைக் கேட்பதற்கு வேறு விலை. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் எது உயர்ந்த படியோ அந்தப் படிக்கே ரசீது. சோதித்துப் பார்க்க எல்லாவற்றையும் குறிக்கும் நட்சத்திரக் குறியைப் போட்டுவிட்டு, அப்படியே செயலியை வெளியிட்டவருக்கு மாதக் கடைசியில் விஷயம் புரியும்.

தமிழில் தகவல் வாங்குபவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு கணக்கு உண்டு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு யுடிஎஃப்-8 குறியீட்டில் ஒரு பைட். தமிழில் உயிர், அகரமேறிய மெய், கால், கொம்பு, புள்ளி என்று ஒவ்வோர் அலகுக்கும் மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல்லில் ஐந்து அலகுகள்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. ஆக 15 பைட். சில ஏபிஐகள் ஆங்கிலமல்லாத எழுத்துகளை நேராக எழுதாமல் சாய்கோடு, யு, நான்கு இலக்கம் என்று ஆறு எழுத்துக் குறியாக மாற்றி அனுப்பும். அப்போது அதே சொல் 30 பைட். தமிழ் விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி மென்பொருளின் ஏபிஐயிலும் பழைய வடிவத்தைக் கேட்டால் இப்படித்தான் வரும். இரண்டாம் வடிவம் வேண்டும் என்று குறித்தால் எழுத்து எழுத்தாகவே வரும். வழியில் ஜிசிப் முறையில் சுருக்கி அனுப்பினால் இந்தப் பெருக்கம் பெரிதும் அடங்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் சுருக்கியதை விரித்துப் படிக்க வேண்டியது கையில் இருக்கும் போன். காட்டப் போவது தலைப்பு மட்டும் என்றால் கட்டுரை முழுவதையும் ஏன் விரிக்க வேண்டும்?

கட்டம் கட்டமாகக் கேட்கும் முறையின் உச்சம் என்று கிராஃப்க்யூஎல்லைச் சொல்லலாம். ஃபேஸ்புக் 2012இல் தன் மொபைல் செயலிக்காக உள்ளுக்குள் உருவாக்கி, 2015இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. இதில் வேண்டுகோள் என்பதே ஒரு வெற்றுப் படிவம்: வர வேண்டிய பதிலின் வடிவத்தை மதிப்புகள் இல்லாமல் எழுதி அனுப்பினால், நிரப்பித் திருப்பித் தருவார்கள். அழகான யோசனை. விலையும் உண்டு. படிவம் நீண்டுகொண்டே போனது. ஒவ்வொருவர் படிவமும் ஒவ்வொரு விதமாக இருப்பதால், ஒருவருக்குச் செய்ததை எடுத்துவைத்து அடுத்தவருக்குக் கொடுப்பதும் கடினமானது. அதற்கு மருந்தாக வந்தது என்ன தெரியுமா? படிவத்தை ஒரு முறை பதிவு செய்துவிட்டு, அடுத்த முறையிலிருந்து அதன் குறியீட்டை மட்டும் அனுப்புவது. ஸ்டேக் எக்ஸ்சேஞ்சின் வாயில் நுழையாத பெயரும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். ஃபில்டர் பூட்டு ஆகாது. 'எங்கள் செயலி தொலைபேசி எண்ணைக் காட்டுவதில்லை' என்று ஒரு நிறுவனம் சொன்னால், ஏபிஐ அந்த எண்ணை அனுப்புகிறதா என்று கேட்க வேண்டும். திரையில் மறைத்தாலும் மூட்டையில் இருந்தால், மூட்டையைப் பிரிக்கத் தெரிந்தவருக்கு அது கிடைத்துவிடும். மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு 2019இல் வெளியிட்ட ஏபிஐ ஆபத்துகளின் பட்டியலில், தேவைக்கு மேல் தகவலை அனுப்பிவிட்டு, வடிகட்டும் வேலையைச் செயலியிடம் விடும் இந்தப் பழக்கத்துக்கு மூன்றாம் இடம். 2023 பட்டியலில் அதை இன்னொரு குறையோடு சேர்த்து, ஒவ்வொரு ஃபீல்டுக்கும் தனித்தனியே அனுமதி சரிபார்க்காத குற்றம் என்று பெயர் மாற்றினார்கள். இடம் அதே மூன்றுதான். கேட்பவர் பட்டியலில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். அவருக்கு அதைப் பார்க்க உரிமை உண்டா என்று கட்டத்துக்குக் கட்டம் பார்ப்பது கொடுப்பவர் வேலை.

கொடுப்பவருக்கு இந்த முறையில் எதிர்பாராமல் கிடைக்கும் ஒரு லாபமும் உண்டு. எல்லாவற்றையும் எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், எந்தக் கட்டத்தை யார் பயன்படுத்துகிறார்கள் என்று தெரியாது. அதனால் ஒன்றை நீக்கவும் தைரியம் வராது. பெயர் சொல்லிக் கேட்கும் முறை வந்த பிறகு பதிவேட்டைப் பார்த்தால் போதும். ஒரு ஃபீல்டை நிறுத்தப் போகிறோம் என்று அறிவித்துவிட்டு, அதைக் கேட்பவர் எண்ணிக்கை குறைவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நூறு, இருபது, மூன்று என்று இறங்கி வரும். கடைசி ஒன்று மட்டும் இறங்காது. எங்கோ ஒரு பழைய போனில், பல ஆண்டுகளாகப் புதுப்பிக்காத ஒரு செயலி, தினமும் காலையில் அந்தக் கட்டத்தைப் பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கும்.