வெங்காயம் அல்ல, டாஃபடில்: புல்வெளியில் முளைக்கும் கிழங்குகளை என்ன செய்வது?

பிரிட்டனில் தோட்டமுள்ள வீட்டுக்குக் குடிபோகும் நம் குடும்பங்கள் பல, முதல் குளிர்காலம் முடியும்வரை வீட்டின் பின்பக்கத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மார்ச்சில் கதவைத் திறந்தால் வளர்ந்து கிடக்கும் புல்லுக்கு நடுவே கொத்துக் கொத்தாக மஞ்சள் டாஃபடில் பூக்கள். முன்பு குடியிருந்த யாரோ நட்டவை. சில ஆண்டுகளாக நோன்புப் பெருநாளும் இந்தப் பூக்காலத்தை ஒட்டியே வருகிறது. பிள்ளைகள் விளையாட இடம் வேண்டுமென்று புல்லோடு சேர்த்து எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிடுகிறோம். ஆனால் வெட்டியது இலையைத்தான். கிழங்கு மண்ணுக்குள் இருப்பதால் மீண்டும் முளைக்கும்.

நாம் கவனமாக இருக்க வேண்டியது இந்தக் கிழங்கு விஷயத்தில்தான். பார்வைக்கு அது அப்படியே வெங்காயம்; மொட்டோடு நிற்கும் தண்டு வெங்காயத்தாள் போலிருக்கும. செடி முழுவதிலும், குறிப்பாகக் கிழங்கில், லைகோரின் என்ற நச்சு இருக்கிறது. சாப்பிட்டால் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். சூப்பில் வேகவைத்துச் சாப்பிட்டவர்களும் நோயுற்றதுண்டு. 2015இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, காய்கறிகளுக்கு அருகில் டாஃபடிலை வைக்க வேண்டாம் என்று சூப்பர் மார்க்கெட்டுகளையே கேட்டுக்கொண்டது. பிள்ளைகள் தவறுதலாகத் தின்றுவிட்டால் உடனே 111ஐ அழைக்க வேண்டும்; நிலைமை மோசமாக இருந்தால் 999.

வாடகை வீடென்றால் தோண்டுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம். தோட்டமும் நம்மிடம் உள்ள அமானிதம்தானே.

பெருநாளுக்கு இடம் வேண்டுமானால், கொத்துகளை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள புல்லை மட்டும் வெட்டினால் போதும். பூ வாடிய பிறகு குறைந்தது ஆறு வாரமாவது இலை நிற்க வேண்டும்; அடுத்த ஆண்டுப் பூவுக்கான உணவை அதுதான் கிழங்கில் சேர்க்கிறது. இலை காய்ந்து மறைந்துவிட்டால் இடம் தெரியாது. அதனால் முன்கூட்டியே ஒவ்வொரு கொத்தின் அருகிலும் ஒரு குச்சியைச் செருகி வையுங்கள்.

ஜூன் வாக்கில் கொத்திலிருந்து சற்றுத் தள்ளி கார்டன் ஃபோர்க்கை ஆழமாக இறக்கி, மண்ணோடு நெம்பித் தூக்க வேண்டும். கையுறை அவசியம், அதன் பால் பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். அழுகி மெத்தென்றிருப்பதைக் கழித்துவிட்டு, மற்றவற்றை நிழலில் உலர்த்தி, காற்றோட்டமான பையில் பெயர் எழுதி ஷெட்டில் வையுங்கள். வெங்காயம் வந்த வலைப்பையில் போட்டு சமையலறையில் மாட்டிவிடாதீர்கள்! யாராவது உரித்து ஆணத்தில் போட்டுவிடக்கூடும்.

செப்டம்பரில் வேலியோரமாக, கிழங்கின் உயரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில், கூர்முனை மேலே இருக்கும்படி நடலாம். புல்வெளியில் விழுந்த குழிகளை மண்ணால் நிரப்பிப் புல் விதை தூவவும் அதுவே நல்ல மாதம். நமக்கு வேண்டாமென்றால் அண்டை வீட்டாரிடம் கேட்டுப் பாருங்கள். இந்த ஊர்க்காரர்கள் டாஃபடில் என்றால் பெரும்பாலும் மகிழ்ந்து வாங்கிக்கொள்வார்கள். கொடுக்கும்போது இது விஷம் என்பதையும் சொல்லிவிடுவோம்.

எவ்வளவு தோண்டினாலும் சிறு கிழங்குகள் சில தப்பிவிடும். அடுத்த மார்ச்சில் அவை தலைகாட்டும்போது, மீண்டும் ஒரு குச்சி.