இரண்டு லைன், ஒரே முதலாளி

2023 தீபாவளிக்கு முதல் நாள். கொழும்பு செட்டியார் தெரு நகைக்கடை முதலாளி கோல் எடுத்தார். "தம்பி, லைன் போயிட்டுது. கார்ட் மெசின் வேலை செய்யேல்லை. கடை நிறையச் சனம்."

கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்தே போனேன். வீதியில் குழாய்க்குத் தோண்டியவர்கள் கேபிளை அறுத்திருந்தார்கள். கல்லாவுக்குக் கீழே நான் வைத்திருந்த டொங்கிளை ரவுட்டரில் செருகினேன். கொஞ்ச நேரத்தில் மெசினிலிருந்து துண்டு வந்தது. தாலிக்கொடிக்குக் காத்திருந்த அம்மா எழும்பிப் போனார்.

அறுந்த லைன் டயலொக். டொங்கிளில் இருந்தது எயார்டெலின் 075 சிம். அதனால்தான் தப்பினோம்.

2024 ஜூன் 26இல் எயார்டெல் லங்கா டயலொக்குடன் இணைந்தது. பதிலுக்கு இந்தியாவின் பாரதி எயார்டெலுக்கு டயலொக்கில் 10.355 வீதப் பங்கு கிடைத்தது. நாட்டில் நான்காக இருந்த மொபைல் கொம்பனிகள் மூன்றாகின. முதலாளி இரண்டு பில் கட்டிக்கொண்டுதான் இருந்தார். போய்ச் சேர்ந்தது ஒரே இடத்துக்கு.

கைமாறுவது இங்கே பழைய விஷயம். 072 இலக்கம் ஒன்றே போதும்: 1989இல் தெற்காசியாவிலேயே முதலாவதாகத் தொடங்கிய செல்டெல், பிறகு டிகோ, எடிசலாட், 2018 முடிவில் ஹட்ச்.

பெட்டிகளும் கைமாறுகின்றன. வெள்ளவத்தையில் சின்னக் கிளினிக்குகளுக்கு நான் பூட்டிய வைஃபை பெட்டிகள் எச்.பி.இ.யின் 'இன்ஸ்டன்ட் ஒன்'. அந்தக் கொம்பனி, இதே மாதிரிப் பெட்டிகள் செய்யும் ஜூனிபரை வாங்கப் போனபோது, 2025 ஜனவரியில் அமெரிக்க நீதித் திணைக்களம் வழக்குப் போட்டது. அலுவலக வைஃபை சந்தையில் 70 வீதத்துக்கு மேல் சிஸ்கோ, எச்.பி.இ. என்ற இரண்டு பேரிடமே போய்விடும் என்பது அதன் வாதம். ஜூனில் சமரசம். இன்ஸ்டன்ட் ஒன் தொழிலை விற்றுவிட வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. ஜூலை 2இல் ஏறத்தாழ 1400 கோடி டொலருக்கு வியாபாரம் முடிந்தது. செய்தியைப் படித்த ஒரு டொக்டர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நாளைக்கு இது பழுதானா ஆரிட்டப் போறது?" நியாயமான கேள்வி.

அதே ஜூலை 2இல் ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் இலங்கையில் தொடங்கியது. வானத்திலிருந்து வரும் லைனை எந்த மண்வெட்டியும் அறுக்காது. ஆனால் டிஷ்ஷுக்குத் திறந்த வானம் வேண்டும். மாடிக்கு மேல் மாடி நெருங்கிய வெள்ளவத்தை ஒழுங்கைகளில் மொட்டைமாடி கிடைத்தால்தான் சரி.

கடை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே இரண்டு பில்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 075, 076, 077 எல்லாம் இப்போது ஒரே கொம்பனி. ஒரு லைன் அங்கே இருந்தால் மற்றதை வேறு இடத்தில் எடுங்கள். நகைக்கடை டொங்கிளில் நான் வேறு கொம்பனியின் 071 சிம் போட்டுவிட்டேன்.