கனவும் கணக்கும்

விஞ்ஞானப் புனைகதையை வீண்பொய்யென இகழ்ந்து, வகுப்பில் மாணவனொருவன் மறைத்துப் படித்த நூலைப் பறித்தவன் யான். அன்றிரவு புரட்டிப் பார்க்கத் தொடங்கி, விடியுமளவும் அதனைக் கீழே வைத்திலேன். ஆசிரியர் ஆர்தர் சி. கிளார்க், 1956 இல் இலங்கையிற் குடியேறி, 2008 இற் கொழும்பிற் காலமானவர்.

நிலநடுக்கோட்டின்மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் செய்மதி, புவியோடொத்துச் சுழல்வதால் ஓரிடத்தே நிற்பதுபோலத் தோன்றும். அத்தகைய மூன்று உலகெங்கும் செய்தி பரப்பப் போதுமென 1945 இலேயே அவர் கட்டுரை வரைந்தார். 1964 இல் ஏவப்பட்ட சின்கொம் 3 அவ்வாறு நின்ற முதற் செய்மதியாயிற்று.

புட்பக விமானம் நம் காவியத்தில் உண்டென மார்தட்டுகின்றோம். கனவு கண்டோம், அதனை இயக்கும் கணக்கை எழுதினோமில்லை. அவரோ கதை புனைந்த கையாற் கணக்கும் எழுதினார்.

நூலை மாணவனிடம் மீட்டளித்தேன். கனவைக் கண்டிப்பதன்று, கணக்கையும் உடன் கற்பிப்பதே ஆசிரியர் கடன்.