உஷார்! ‘ஃபிக்ஸட் வால்யூம்’ போட்டிருக்கிறீர்களா?

வீட்டில் மியூசிக் ஸ்ட்ரீமர் வைத்திருப்பவர்கள் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு, போனில் அதன் ஆப்பைத் திறந்து ஆடியோ அவுட்புட் பகுதியைப் பாருங்கள். ‘ஃபிக்ஸட் வால்யூம்’ ஆன் ஆகியிருக்கிறதா? ஸ்ட்ரீமரிலிருந்து போகும் வயர், வால்யூம் திருகே இல்லாத பவர் ஆம்ப்ளிஃபயரிலோ ஆக்டிவ் ஸ்பீக்கரிலோ நேராகச் சொருகியிருக்கிறதா? இரண்டுக்கும் பதில் ஆம் என்றால், ஸ்பீக்கர் சுவிட்சை அணையுங்கள். பிறகு அந்த அமைப்பை மாற்றுங்கள். மாற்றியாயிற்றா? இனி மீதியைப் படிக்கலாம்.

ஃபிக்ஸட் வால்யூம் என்றால், ஸ்ட்ரீமர் தன்னிடமுள்ள முழு சிக்னலையும் குறைக்காமல் வெளியே தள்ளும். லைன் அவுட்டில் பொதுவாக 2 வோல்ட். போனிலுள்ள வால்யூம் கோட்டை எவ்வளவு இழுத்தாலும் அது அசையாது. வழியில் திருகு உள்ள ஆம்ப்ளிஃபயர் இருந்தால் கவலை இல்லை, அது பார்த்துக்கொள்ளும். இல்லாவிட்டால் முதல் பாட்டின் முதல் மிருதங்க அடியே முழு சக்தியில் வந்து விழும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்தில் 87 டெசிபெல் தரும் சாதாரண ஸ்பீக்கருக்கு 50 வாட் போனால் 104 டெசிபெல். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபெல்தான் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 104 டெசிபெலை ஒரு வாரம் முழுவதற்கும் சேர்த்து 10 நிமிடம்கூடக் கேட்கக் கூடாது. ட்வீட்டர் காயில் எரிவது தனிச் செலவு. தொட்டிலில் குழந்தை தூங்கும் வீடென்றால் சொல்லவே வேண்டாம்.

இதை ஏன் ஆன் செய்கிறார்கள்? டிஜிட்டல் வால்யூம் பிட்டைத் தின்றுவிடும் என்று யாரோ வீடியோவில் சொல்லியிருப்பார். பாதி உண்மை. 6 டெசிபெல் குறைத்தால் ஏறக்குறைய 1 பிட் போகும், சரிதான். ஆனால் நாம் கேட்கும் பாட்டில் பெரும்பாலானது 16 பிட். இன்றைய ஸ்ட்ரீமரும், எண்களை ஒலி சிக்னலாக மாற்றும் டாக்கும் 24 பிட்டில் வேலை செய்பவை. கையில் 8 பிட் உபரி. அதாவது 48 டெசிபெல் வரை குறைத்தாலும் பாட்டின் ஒரு துளிகூடக் கணக்கில் விடுபடாது. 48 டெசிபெல் குறைத்தால் பக்கத்து அறையில் மிக்ஸி ஓடும்போது பாட்டே கேட்காது! இல்லாத ஒரு பயத்துக்காக ஸ்பீக்கரையும் காதையும் பணயம் வைக்கிறோம். பல ஆப்புகளில் உச்ச வால்யூமுக்கு வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிடுங்கள். வீட்டு வைஃபையில் இருக்கும் எந்தப் போனிலிருந்தும் பிள்ளைகள் பாட்டை எறியலாம் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்தது உயிர் விஷயம்.

ஸ்ட்ரீமரை ஆம்ப்ளிஃபயரில் இணைத்ததும் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் வரும். 50 ஹெர்ட்ஸ் கரண்டின் முனகல் அது. இதற்குச் சில எலக்ட்ரீஷியன்கள் கைவைத்தியம் ஒன்று வைத்திருக்கிறார்கள்: ஆம்ப்ளிஃபயரின் மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னைக் கழற்றிவிடுவது, அல்லது இரண்டு பின் அடாப்டர் போட்டு எர்த்தைத் துண்டிப்பது. முனகல் நின்றுவிடும். கூடவே உங்களுக்கும் ஷாக்குக்கும் நடுவே இருந்த காவலும் போய்விடும். உள்ளே ஒரு வயர் உரசினால் ஆம்ப்ளிஃபயரின் உலோக உடம்பு முழுக்க 230 வோல்ட். ஈரக் கையோடு வந்து வால்யூமைத் திருகுபவர் கதி என்ன? எர்த் பின்னைத் தொடாதீர்கள், யாரையும் தொடவும் விடாதீர்கள். வீட்டில் கரண்ட் கசிந்தால் தானாகவே துண்டிக்கும் இ.எல்.சி.பி. இருக்கிறதா, அதன் டெஸ்ட் பொத்தானை அமுக்கினால் விழுகிறதா என்றும் இன்றைக்கே பாருங்கள்.

முனகலுக்குக் காரணம் பெரும்பாலும் டிவிக்கு வரும் கேபிள்காரரின் கறுப்பு வயர்தான். டிவியும் ஸ்ட்ரீமரும் ஒரே ஆம்ப்ளிஃபயரில் சேரும்போது, எர்த் இரண்டு வழியாகச் சுற்றி வந்து முனகுகிறது. அந்த வயரை ஒரு நிமிடம் கழற்றுங்கள். முனகல் நின்றால் கள்ளன் பிடிபட்டான். டிவிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே ஆப்டிகல் கேபிள் போடுங்கள். அதில் போவது வெளிச்சம். உலோகத் தொடர்பே இல்லாததால் முனகலுக்குப் பாதை கிடையாது. சில நூறு ரூபாயில் முடிகிற காரியம்.

அடுத்த ஆபத்து இடி. கேரள-தமிழக எல்லையோரத்துக் காரோடு, பாறசாலை, களியக்காவிளை ஆட்களுக்குத் துலா மழையைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்டோபர், நவம்பரில் உச்சி திரும்பியதும் கிழக்கே மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும். கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இடிமின்னல் எச்சரிக்கையில் மதியம் 2 மணி முதல் இரவு 10 மணி வரை என்றுதான் வழக்கமாகச் சொல்லும். ஆபீஸ் விட்டு வந்து பாட்டுக் கேட்க உட்காரும் அதே நேரம்! ஸ்பைக் பஸ்டர் வாங்கி மாட்டியிருக்கிறேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அது சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்துக்குத்தான். பக்கத்துத் தென்னையில் இறங்கும் மின்னலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மின்னல் கரண்ட் லைனில் மட்டும் வருவதும் இல்லை. கேபிள் டிவி வயர், பழைய டெலிபோன் வயர், மாடிக்கும் கீழுக்கும் இழுத்த லேன் வயர் எல்லாமே அதற்கு வழி. ஸ்ட்ரீமரை வைஃபையில் ஓட்டினால் அதில் ஒரு வழி குறையும். இடி தலைக்கு மேல் வந்த பிறகு பிளக்கைப் பிடுங்கப் போகாதீர்கள், அதுவும் ஆபத்து. மானம் கறுக்கும்போதே பிடுங்கிவிடுங்கள்.

ஸ்ட்ரீமரோடு வரும் சின்ன அடாப்டரையும் கையில் எடுத்துப் பாருங்கள். இந்தியாவில் விற்கும் அடாப்டரில் பி.ஐ.எஸ். முத்திரையும் ‘ஆர்’ என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவெண்ணும் இருக்க வேண்டும். அது கட்டாயம். பி.ஐ.எஸ். கேர் என்ற ஆப்பில் எண்ணைப் போட்டால் யாருடைய தயாரிப்பு என்று வந்துவிடும். எண் இல்லாத அடாப்டர் மலிவாகக் கிடைத்தால், ஏன் மலிவு என்று யோசிக்க வேண்டாமா?

இனி உங்கள் பணம்.

‘அண்ணே, கேபிளை மட்டும் மாத்திப் பாருங்க, பாட்டு அப்படியே விரிஞ்சு வரும்’ என்று ஒரு குரல் எல்லா ஊர்க் கடையிலும் உண்டு. யு.எஸ்.பி. கேபிளுக்கு ஆயிரக்கணக்கில், ‘ஆடியோஃபைல்’ நெட்வொர்க் சுவிட்சுக்குப் பல ஆயிரம். உஷார்! நெட்டிலிருந்து வரும் பாட்டு வெறும் எண்கள். வழியில் ஒரு துண்டு விடுபட்டால் மறுபடி கேட்டு வாங்கி, ஸ்ட்ரீமர் தன் நினைவகத்தில் அடுக்கி வைத்துக்கொண்டுதான் பாடவே தொடங்கும். மணியார்டர் கொண்டுவரும் போஸ்ட்மேன் சைக்கிளில் வந்தாலும் பைக்கில் வந்தாலும் தொகை மாறாது. யு.எஸ்.பி. கேபிள் கெட்டுப்போனால் டிக் டிக் என்று சத்தம் வரும், பாட்டு அறுந்து அறுந்து வரும்; ‘கதகதப்பு’ குறையவெல்லாம் செய்யாது. கம்ப்யூட்டரின் மின் இரைச்சல் யு.எஸ்.பி. வழியாக மட்டமான டாக்குகளில் ஏறுவது உண்மைதான். அதற்கும் மருந்து அதே ஆப்டிகல் கேபிள்தான்.

அடுத்த வலை ‘ஹை-ரெஸ்’, அதாவது சிடியை மிஞ்சிய தரம் என்று விற்பது. சிடி என்பது 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். மனிதக் காதின் எல்லையான 20 கிலோஹெர்ட்ஸ் அதற்குள் அடக்கம். நடு வயதைத் தாண்டியவருக்கு அதில் மேல் வாசல் ஏற்கெனவே சாத்தியாகியிருக்கும். 2007இல் மேயர், மோரன் என்ற இருவர் உயர்தர டிஸ்க்கின் ஒலியை நடுவில் சிடி தரத்துக்கு இறக்கி, எது எது என்று ஆட்களைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். 554 தடவை கேட்டும் பாதிக்குப் பாதிதான் சரி; காசைச் சுண்டினாலும் அவ்வளவு வரும். சோதனைக்கு வைத்த சில டிஸ்க்குகளே உண்மையான ஹை-ரெஸ் இல்லை என்று பிறகு ஒரு தகராறு. அதுவும் கேட்டவர்கள் காதுக்குத் தெரியவில்லையே! 2016இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்து ஜோஷுவா ரைஸ் பல சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது கிடைத்தது 52 சதவீதத்துக்குச் சற்று மேல். வித்தியாசம் இருக்கலாம், ஆனால் அவ்வளவுதான்.

நீல விளக்கு எரிந்தால் மாஸ்டர் தரம் என்று எம்.க்யூ.ஏ. என்ற ஒரு பாட்டு ஃபைல் வடிவத்தை விற்றார்கள். அந்த விளக்குக்காகவே டாக் வாங்கியவர்கள் உண்டு. 2023இல் அந்தக் கம்பெனி கடனில் விழுந்து கைமாறியது, 2024இல் டைடல் என்ற பாட்டுச் சேவை அதைக் கைவிட்டு, இழப்பில்லாத ஃப்ளாக் வடிவத்துக்கு மாறியது. விளக்கு மட்டும் மிச்சம்.

நம் பக்கத்துச் சங்கீதத்துக்கு வருவோம், இங்கேதான் ஏமாற்று கண்ணுக்குத் தெரியாது. இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். 1924இல் பிறந்த பாடகி பாறசாலை பொன்னம்மாள், திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பாடிய முதல் பெண். அந்த வாசல் அவருக்குத் திறக்க 2006 ஆக வேண்டியிருந்தது. நெய்யாற்றின்கரை வாசுதேவன், ராமநாதபுரம் கிருஷ்ணனிடமும் செம்மங்குடியிடமும் கற்று ஆகாசவாணியில் பணி செய்தவர். அந்தத் தலைமுறைப் பாடகர்களின் பழைய கச்சேரிகள் பல நமக்கு வந்து சேர்வது ரேடியோவிலிருந்து யாரோ வீட்டில் பிடித்த கேசட் வழியாகத்தான். மீடியம் வேவில் பிடித்ததென்றால் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் இருக்காது. கேசட்டின் இரைச்சலைக் கணக்கில் எடுத்தால் 10 பிட்டே தாராளம். அப்படிப்பட்ட ஒரு பதிவை ‘24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் ரீமாஸ்டர்’ என்று யாராவது கொடுத்தால், சிடியைப் போல ஆறரை மடங்கு டேட்டாவில் நீங்கள் வாங்குவது டேப்பின் உஸ்ஸென்ற சத்தத்தைத்தான்.

அதைவிட மோசம் வேகம். கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். டிஜிட்டலாக மாற்றியவரின் டெக் 6 சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். ஐந்து கட்டையில் பாடியவர் ஐந்தரையில் பாடுவார், குரலும் கொஞ்சம் சிறுபிள்ளைத்தனமாகக் கேட்கும். 3 சதவீதம் என்றால் எந்தக் கட்டையிலும் உட்காராமல் நடுவில் தொங்கும். சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு கூடவே பாடிப் பழகும் மாணவி இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவாள். எந்த ஸ்ட்ரீமரும், எந்த டாக்கும், எந்த வெள்ளிக் கம்பியும் இதைச் சரிசெய்யாது. ஹெட்டின் கோணம் ஒரு நூல் தப்பியிருந்தால் ஜாலராவும் ‘ஸ’காரமும் மங்கிப்போகும். அதுவும் அப்படித்தான்.

கையிலிருக்கும் ஃபைலைச் சோதிக்க ஸ்பெக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பாட்டை அதில் போட்டால் வண்ணப் படமாக விரியும். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் நேர்க்கோடாக நின்றால், பெரும்பாலும் 128 கேபிபிஎஸ் எம்பி3யை ஃப்ளாக் சட்டைக்குள் திணித்திருக்கிறார்கள். பழைய டேப் என்றால் கோடு இருக்காது, மேலே போகப் போகத் தானாகவே மெல்ல மங்கும். அது மோசடி இல்லை, முதுமை.

சரி, நல்ல ஒலிக்கு என்னதான் செய்வது? முதலில் ப்ளூடூத்தை விடுங்கள். சிடியின் ஓட்டம் நொடிக்கு 1,411 கிலோபிட், ப்ளூடூத்தில் பேர்போன எல்டாக் முறையே உச்சத்தில் 990. சிக்னல் தளர்ந்தால் 330க்கு இறங்கும், உங்களிடம் சொல்லாமல். வைஃபையில் ஸ்ட்ரீமரே நேராக நெட்டிலிருந்து இழுக்கட்டும். சேவையின் ஆப்பில் தரத்தை ‘ஆட்டோமேட்டிக்’கில் விடாமல் உச்சத்தில் வையுங்கள். கம்ப்யூட்டரில் கேட்பவர்கள் பிளேயரில் ‘எக்ஸ்க்ளூசிவ் மோட்’ போடுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவுக்கு மாற்றிக் கலந்துதான் அனுப்பும். ஈக்வலைசரைப் போட்டுப் பாஸைத் தூக்கி வைத்திருந்தால், அதே அளவு மொத்த வால்யூமை இறக்குங்கள். எண்கள் உச்சியில் முட்டினால் பிசிறும்.

மிச்சப் பணத்தை அறைக்குச் செலவழியுங்கள். வளைகுடாப் பணத்தில் எழும்பிய நம் பக்கத்து வீடுகளின் ஹால் தெரியுமல்லவா: இரண்டு மாடி உயரம், தரையெல்லாம் வழவழ டைல்ஸ், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அங்கே கை தட்டினால் அடுத்த தட்டு வரை எதிரொலி நிற்கும். தடித்த திரை, தரையில் ஒரு ஜமுக்காளம், சுவரோரம் புத்தக அலமாரி. எந்தக் கேபிளும் செய்யாததை இவை செய்யும். முக்கோலாவிலிருந்து காரோடு வரை வரும் பைபாஸ் கான்கிரீட் ரோடு. தார் ரோட்டைவிடக் கான்கிரீட்டில் டயர் அதிகம் இரையும். அந்த ரோட்டோரம் வீடு உள்ளவர், 24 பிட்டின் 144 டெசிபெல் ஆழத்துக்காகக் காசு கொடுக்கும் முன் ஜன்னலைச் சாத்திப் பார்ப்பது நல்லது.

அப்படியும் கடைக்காரர் விடவில்லை என்றால் சண்டை வேண்டாம். இரண்டு கேபிளையும் துணி போட்டு மறைத்து, வால்யூமைச் சமமாக வைத்து, எது ஓடுகிறது என்று சொல்லாமல் அவரையே பத்து முறை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பது சரியாக வந்தால் வாங்குங்கள். அவர் மாட்டேன் என்றால், பணம் பையிலேயே இருக்கட்டும், அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.